ஸ்வெட் சூட் போட்டு ஒர்க்அவுட் பண்ணலாமா, பண்ணா எப்படி பண்றது

சானா சூட், ஸ்வெட் ஜாக்கெட், வயித்துல சுத்துற நியோப்ரீன் பெல்ட், தொடைக்கு மாட்டுற பட்டை, உள்பக்கம் சில்வர் கோட்டிங் போட்ட லெக்கிங்ஸ்னு பல பேர்ல விக்கிறாங்க ஆனா எல்லாத்தோட வேலையும் ஒண்ணுதான், உடம்புல இருந்து கிளம்புற சூட்டையும் ஈரத்தையும் வெளிய விடாம உள்ளயே அடைச்சு வெக்கிறது. அடைச்சு வெச்சா வேர்வை கொட்டும், கொட்டுற வேர்வைய பாத்தா உடம்பு கரையுதுன்னு தோணும், அந்தத் தோணல்லதான் மொத்த வியாபாரமும் ஓடுது.

என்னோட முடிவ முதல்லயே சொல்லிடுறேன். கொழுப்பு குறையணும்ங்கற ஒரே காரணத்துக்காக வாங்கப் போறீங்கன்னா வாங்காதீங்க, அதுக்கு இது உதவாது. ஆனா ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கறவங்க, யார் என்ன சொன்னாலும் போடத்தான் போறோம்னு இருக்கறவங்க, ஃபைட் ஸ்போர்ட்ஸ்ல கோச் சொல்லி போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்ட வெறுமனே "வேண்டாம்"னு சொல்லிட்டு போறதுல பிரயோஜனம் இல்ல. அதனால உள்ள என்ன நடக்குது, யாரு தொடவே கூடாது, போட்டா எப்படி போடணும், ஏதாவது ஆனா என்ன பண்ணணும்னு எல்லாத்தையும் எழுதுறேன், கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிச்சுட்டு போடுங்க.

ஏன் இவ்வளவு பேருக்கு பிடிக்குது

இத போடுறவங்கள ஒண்ணும் தெரியாதவங்கன்னு நினைக்கறது தப்பு. உடற்பயிற்சியில மனச சோர வெக்கிற விஷயம் என்னன்னா பலன் தெரியறதுக்கு வாரக்கணக்குல ஆகும், இன்னிக்கு ஓடுன ஓட்டம் இன்னிக்கு கண்ணாடில தெரியாது, நாளைக்கும் தெரியாது. வேர்வை மட்டும்தான் அப்பவே தெரியும். டீஷர்ட்ட பிழிஞ்சா சொட்டும், எடை மெஷின்ல ஏறுனா முக்கால் கிலோ ஒரு கிலோ குறைஞ்சிருக்கும், பெல்ட்ட கழட்டுன கையோட டேப் வெச்சு அளந்தா இடுப்பு கொஞ்சம் உள்ள போயிருக்கும். பட்ட பாட்டுக்கு கைமேல பலன் கிடைச்ச மாதிரி ஒரு திருப்தி, அந்தத் திருப்திக்காக மறுநாளும் ஜிம்முக்கு வர்றவங்க இருக்காங்க, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

வேற காரணமும் உண்டு. குளிர் நேரத்துல மூட்டும் தசையும் சீக்கிரம் சூடாகி இலகுவா இருக்கற மாதிரி இருக்கும், அது உண்மையும்தான். உடம்பு வடிவம் வெளிய தெரியக் கூடாதுன்னு கூச்சப்படுறவங்களுக்கு தொளதொளன்னு ஒரு சூட் பெரிய பாதுகாப்பு, அந்தக் கூச்சம் எவ்வளவு பேர ஜிம் பக்கமே வர விடாம வெச்சிருக்குன்னு பாத்தா இது சின்ன விஷயம் இல்ல. அப்புறம் பாக்ஸிங், மல்யுத்தம், எம்எம்ஏ (எல்லா வகை சண்டையும் கலந்த போட்டி) ஆளுங்க போட்டிக்கு முன்னாடி இத போட்டுக்கிட்டு ஓடுறத பாத்து, அவங்க உடம்பு அப்படி இருக்கறதுக்கு இந்த சூட்தான் காரணம்னு நம்மள்ள பாதி பேர் முடிவு பண்ணிடறோம். அவங்க போடுறது கொழுப்ப குறைக்க இல்ல, எடை பாக்குற அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் தண்ணிய வெளியேத்தி ஒரு எடைப் பிரிவு (வெயிட் கிளாஸ்) கீழ நிக்கறதுக்கு. எடை பாத்து முடிச்சதும் குடிச்சு குடிச்சு திரும்ப ஏத்திக்குவாங்க.

குறைஞ்ச அந்த ஒரு கிலோ என்ன

அது தண்ணி. கூட கொஞ்சம் உப்பு. சந்தேகம் இருந்தா கணக்கு போட்டு பாத்துடலாம். ஒரு கிலோ உடம்புக் கொழுப்புல சுமாரா 7700 கலோரி இருக்கு. 60 கிலோ இருக்கற ஒருத்தர் சுமாரான வேகத்துல ஓடுனா நிமிஷத்துக்கு 10 கலோரி பக்கம் செலவாகும், அரை மணி நேரம் விடாம ஓடுனா 300. அந்த 300 கலோரியும் முழுசா கொழுப்புல இருந்தே வந்துச்சுன்னு வெச்சுக்கிட்டாகூட 40 கிராம்தான். அப்போ மெஷின்ல குறைஞ்ச மிச்சம் 960 கிராம் எங்க இருந்து போச்சுன்னா, ரத்தத்துல இருந்தும் தசையில இருந்தும் போன தண்ணி, சாயங்காலத்துக்குள்ள நீங்க குடிக்கறதுல திரும்ப வந்துடும், வந்தே ஆகணும், வரலன்னாத்தான் ஆபத்து.

கொழுப்பு உடம்ப விட்டு எப்படி வெளிய போகுதுன்னு ஆஸ்திரேலியாவுல மீர்மன், பிரவுன்னு ரெண்டு பேர் 2014ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல கணக்கு போட்டு காட்டுனாங்க. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா அதுல 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சு வழியா போகுது, மீதி 1.6 கிலோ தண்ணியா மாறுது. அதாவது கொழுப்பு பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் வெளிய போகுது. தோல சூடு பண்ணி உருக்கி வேர்வையா வடிக்கறதுக்கு அப்படி ஒரு வழியே உடம்புல கிடையாது.

பெல்ட் விஷயமும் இதே கதைதான். இறுக்கிக் கட்டுன இடத்துல தண்ணி கொஞ்சம் போயிருக்கும், சதை அமுங்கியிருக்கும், அதான் அந்த அளவு குறையறது, சில மணி நேரத்துல பழையபடி ஆயிடும். வயித்துல பெல்ட் கட்டுனா வயித்துக் கொழுப்பு குறையும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல, கொழுப்ப எங்க இருந்து எடுக்கணும்னு உடம்புதான் முடிவு பண்ணும், ரத்தம் வழியா எல்லா இடத்துல இருந்தும் எடுக்கும், நாம சூடு குடுக்கற இடத்துல இருந்து எடுக்காது. இதுல இன்னொண்ணு, ரொம்ப இறுக்கி கட்டுனா மூச்ச இழுத்து விட வயிறு விரியாது, மேல் மூச்சு வாங்கும், சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும், ஸ்குவாட் டெட்லிஃப்ட் பண்றப்போ இந்த பெல்ட்ட வெயிட்லிஃப்டிங் பெல்ட்னு நம்பி எடைய ஏத்திடுவாங்க, இது தாங்காது, அதுக்கு செஞ்சது இல்ல.

ஸ்மார்ட் வாட்ச் காட்டுற கலோரிய பத்தியும் சொல்லணும், ஏன்னா "சூட் போட்டா வாட்ச்ல நூறு கலோரி அதிகமா காட்டுது"ன்னு சொல்றவங்க நிறைய. வாட்ச் பெரும்பாலும் இதயத் துடிப்ப வெச்சுத்தான் கலோரிய யூகம் பண்ணுது. சூடு ஏறுனா தோலுக்கு நிறைய ரத்தம் அனுப்பணும், அதே நேரம் வேர்வையில தண்ணி போய் ரத்தத்தோட அளவு குறையுது, அதனால இதயம் வேகமா அடிக்குது, நீங்க ஓடுற வேகம் அதேதான். வாட்சுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, துடிப்பு ஏறுச்சா, அப்போ அதிகமா உழைக்கறாங்கன்னு நம்பர கூட்டிடும். அந்த அதிகப்படி நம்பர்ல பெரும்பகுதி கொழுப்பு இல்ல, இதயத்துக்கு நீங்க ஏத்துன சுமை.

உள்ள என்ன நடக்குது

இதுதான் முக்கியமான பகுதி, மத்தத விட்டாலும் இத விடாதீங்க. நம்ம தசை எடுத்துக்கற சக்தியில நாலுல ஒரு பங்கு கூட அசைவுக்கு போறதில்ல, முக்கால்வாசிக்கு மேல சூடாத்தான் மாறுது. அந்தச் சூட்ட வெளியேத்துறதுக்கு உழைக்கிற உடம்புகிட்ட இருக்கற பெரிய ஆயுதம் வேர்வை. ஆனா வேர்வை வந்தா மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியா மாறணும். ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கலோரி சூட்ட எடுத்துக்கிட்டு போகும். அதே ஒரு லிட்டர் சொட்டு சொட்டா தரையில விழுந்தா எடுத்துக்கிட்டு போறது கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. ஈரத் துணிய பாலித்தீன் பைக்குள்ள போட்டு கட்டி வெச்சா காயாது பாருங்க, சூட் போட்டா உள்ள நடக்கறது அதேதான், உள்ள காத்துல ஈரம் நிறைஞ்சு போனதும் அதுக்கு மேல ஆவியாக இடமில்ல. குளிராததால உடம்பு இன்னும் வேர்வைய விடுது, அதுவும் ஆவியாகல, இன்னும் விடுது. நாம பெருமைப்படுற அந்த வெள்ளம், உண்மையில குளிர முடியாம தவிக்கிற உடம்பு திரும்பத் திரும்ப முயற்சி பண்றது.

எவ்வளவு வேகமா சூடு ஏறும்னா, 60 கிலோ உடம்ப ஒரு டிகிரி செல்சியஸ் ஏத்த சுமார் 50 கலோரி போதும். மேல சொன்ன ஓட்டத்துல நிமிஷத்துக்கு ஏழு எட்டு கலோரி சூடா மாறுது. துளி சூடு கூட வெளிய போகலன்னு வெச்சுக்கிட்டா ஆறேழு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. நிஜத்துல முகம், தலை, கை, மூச்சு வழியா கொஞ்சம் போகும் அதனால அவ்வளவு வேகமா ஏறாது, ஆனா திசை அதுதான். சாதாரணமா உள்ள 37 டிகிரி, 40 தாண்டி புத்தி தடுமாற ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக். நடுவுல இருக்கறது மூணே டிகிரி.

அமெரிக்காவுல 1997ல நவம்பர் 7ல இருந்து டிசம்பர் 9க்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் செத்துப் போனாங்க. மூணு பேரும் எடை குறைக்கறதுக்காக காத்து புகாத சூட்ட போட்டு அதுக்கு மேல வேற துணியும் போட்டு சூடான இடத்துல கடுமையா பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தவங்க. நோயாளிங்க இல்ல, வயசானவங்க இல்ல, நம்மள விட பல மடங்கு ஃபிட்டா இருந்த இருபது வயசு பசங்க. அதுக்கப்புறம் 1998 ஜனவரியிலயே அங்க கல்லூரி விளையாட்ட நடத்துற என்சிஏஏ, மல்யுத்தத்துல ரப்பர் சூட், சானா, தண்ணி வெளியேத்துற மாத்திரை எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. 2015 டிசம்பர்ல மணிலாவுல ஒன் சாம்பியன்ஷிப்ங்கற எம்எம்ஏ அமைப்போட போட்டிக்கு எடை குறைக்கப் போன சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தாரு, அதுக்கு அப்புறம் அந்த அமைப்பும் தண்ணிய வடிச்சு எடை குறைக்கறத தடை பண்ணி, உடம்புல நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கான்னு டெஸ்ட் பண்ற முறைக்கு மாறுச்சு. யாருக்கோ நடந்ததுன்னு தள்ளி விட முடியாத விஷயம் இது, ஏன்னா அவங்களுக்கு கோச் இருந்தாங்க, அனுபவம் இருந்துச்சு. வீட்டு ரூம்ல தனியா போட்டுக்கிட்டு குதிக்கறவங்களுக்கு அது கூட இல்ல.

யாரு தொடவே கூடாது

கர்ப்பமா இருக்கறவங்க, இருக்கலாமோன்னு சந்தேகம் இருக்கறவங்க வேண்டவே வேண்டாம், முதல் மூணு மாசத்துல உடம்புச் சூடு அதிகமா ஏறுறது குழந்தைக்கு நல்லதில்ல. இதயப் பிரச்சனை, பிபி, கிட்னி பிரச்சனை, சர்க்கரை, வலிப்பு இருக்கறவங்க, ஏற்கனவே ஒரு தடவை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவங்க, சின்னப் பசங்க, வயசானவங்க எல்லாரும் இந்த லிஸ்ட்ல வருவாங்க.

மாத்திரை விஷயத்த ரொம்ப பேர் யோசிக்கறதில்ல. பிபிக்கு குடுக்கற யூரின் போக வெக்கிற மாத்திரையும், இதயத் துடிப்ப குறைக்கற பீட்டா பிளாக்கரும், சளி அலர்ஜிக்கு போடுற தூக்கம் வர்ற மாத்திரை, மன அழுத்தத்துக்கும் மனநல பிரச்சனைக்கும் குடுக்கற சில மருந்துங்க, லித்தியம், ஏடிஹெச்டிக்கு குடுக்கற ஸ்டிமுலன்ட் இதெல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதத்துல உடம்பு சூட்ட சமாளிக்கறத கெடுக்கும், சிலது வேர்வைய குறைக்கும், சிலது தண்ணிய இழுக்கும், சிலது இதயத்த வேகமா அடிக்க விடாது. தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுறீங்கன்னா டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, அதுக்காக மருந்த நீங்களா நிறுத்திடாதீங்க.

மத்தபடி யாரா இருந்தாலும் சில நாள் போடக் கூடாது. காய்ச்சல் வந்து போன நாள், வயித்துப்போக்கு ஆன நாள், முந்தின ராத்திரி குடிச்சிருந்தா, தூக்கம் சரியா இல்லன்னா, சாப்பிடாம இருந்தா, ஃபேட் பர்னர் மாத்திரையோ பயிற்சிக்கு முன்னாடி குடிக்கற ப்ரீ ஒர்க்அவுட் பவுடர டபுள் ஸ்கூப்போ எடுத்திருந்தா அன்னிக்கு சூட் பையிலயே இருக்கட்டும்.

போடுறதா இருந்தா இப்படி போடுங்க

முதல்ல எத வாங்கறதுன்னு. முன்பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஜிப் இருக்கணும், இது ஒண்ணு மட்டும் கட்டாயம், தலை வழியா மாட்டுற மாடல் வேண்டாம். வேர்வையில நனைஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா தலை வழியா கழட்டறது எவ்வளவு கஷ்டம்னு தலை சுத்தற நேரத்துல தெரிஞ்சுக்க கூடாது. அக்குள்லயும் முதுகுலயும் காத்து போக ஓட்டையோ வலையோ இருந்தா நல்லது. மேல் ஜாக்கெட் மட்டும் போதும், பேன்ட் தொப்பி எல்லாம் சேத்து மொத்தமா மூடாதீங்க, தலை கட்டாயம் திறந்திருக்கணும். குப்பை கவர ஓட்டை போட்டு மாட்டிக்கறது, கிச்சன்ல சாப்பாடு மூடுற பிளாஸ்டிக் ஷீட்ட உடம்பு பூரா சுத்திக்கறது, இத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அதுல துளி காத்து போகாது, அவசரத்துக்கு அவிழ்க்கவும் முடியாது. உள்ள ஒரு மெல்லிசு டீஷர்ட் போட்டுக்கோங்க, தோல்ல நேரா ரப்பர் உரசாது.

இடமும் நேரமும். ஃபேன் ஓடுற, ஜன்னல் திறந்த, குளிர்ச்சியான ரூம்ல மட்டும். வெயில்ல போட்டுக்கிட்டு ஓடுறது, ஸ்டீம் ரூம்குள்ள போட்டுக்கிட்டு உக்காருறது, ஹாட் யோகா கிளாஸ்ல போடுறது எதுவும் கூடாது, ஒரு சூடு போதும் ரெண்டு வேண்டாம். தனியா இருக்கறப்போ போடாதீங்க, உங்க முகத்த பாத்து "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க"ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கணும், ஏன்னா சூடு மண்டைக்கு ஏறுனவங்களுக்கு தனக்கு ஏறியிருக்குன்னு பல நேரம் தெரியாது, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சண்டை போடுவாங்க.

ஆரம்பத்துல 10 நிமிஷம், அதுவும் வார்ம் அப்புக்கு மட்டும். நடை, மெதுவா சைக்கிள், லேசான ஷேடோ பாக்ஸிங், இந்த மாதிரி. மெயின் செட் ஆரம்பிக்கறப்போ கழட்டி வெச்சுடுங்க. என்னை கேட்டா பெரும்பாலான பேருக்கு இதோட நிறுத்திக்கறதுதான் சரியான உபயோகம், குளிர்ல சீக்கிரம் சூடாகணும்ங்கற தேவை தீர்ந்துச்சு, அப்புறம் எதுக்கு. ஹெச்ஐஐடி (விட்டு விட்டு முழு வேகத்துல பண்ற பயிற்சி), ஸ்ப்ரின்ட், பர்ப்பி, ஹெவி லிஃப்டிங் எதையும் சூட் போட்டுக்கிட்டு பண்ணாதீங்க. போட்டிருக்கற நேரம் முழுக்க வாக்கியமா பேச முடியணும், ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குனா வேகத்த குறைங்க. வழக்கமான ஓட்ட வேகத்த பிடிக்க பாக்காதீங்க, வழக்கமான இதயத் துடிப்ப தாண்டாம பாத்துக்கோங்க, அப்போ வேகம் தானா குறையும், குறையட்டும். எவ்வளவு பழகுனாலும் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

பழகறதுன்னு சொன்னேன்ல, அது நிஜமான விஷயம். தினமும் கொஞ்சம் கொஞ்சமா சூட்டுல பயிற்சி பண்ணா ஒண்ணு ரெண்டு வாரத்துல உடம்பு மாறும், ரத்தத்துல பிளாஸ்மா அளவு கூடும், வேர்வை சீக்கிரமே ஆரம்பிக்கும், அதுல போற உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் மெதுவா அடிக்கும். சூடான ஊர்ல போட்டி இருக்கற ஓட்டக்காரங்க, சைக்கிள் வீரர்கள் குளிர் ஊர்ல பயிற்சி பண்றப்போ கூடுதல் உடை போட்டுக்கறது இதுக்காகத்தான். இந்த வகை உடைக்கு நான் பாத்த வரைக்கும் நியாயமான காரணம் இது ஒண்ணு. ஆனா அவங்க அத ஒரு மருந்து டோஸ் கணக்கா, அளந்து, தண்ணி குடிச்சுக்கிட்டே, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு பண்றாங்க. தண்ணிய வடிக்கறது அவங்க நோக்கமே இல்ல.

தண்ணி கணக்கு

சூட் போடுறதுக்கு முன்னாடி துணி இல்லாம எடை பாருங்க, முடிச்சுட்டு நல்லா துடைச்சுட்டு திரும்ப பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் தண்ணி போயிருக்கு, நடுவுல குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்கோங்க. உடம்பு எடையில 2 சதவீதத்துக்கு மேல, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல குறைஞ்சிருந்தா அன்னிக்கு எல்லை தாண்டிட்டீங்க, அந்த அளவுலயே ஓடுற திறன் இறங்க ஆரம்பிச்சுடும், அடுத்த தடவை நேரத்த குறைங்க. இந்த எடை மெஷின் நம்பர சாதனையா பாக்காம கடனா பாருங்க, அத அன்னிக்கே திருப்பி கட்டணும்.

எப்படி கட்டறதுன்னா, குறைஞ்ச ஒரு கிலோவுக்கு 1.25ல இருந்து 1.5 லிட்டர் வரைக்கும், சில மணி நேரத்துல பரவலா குடிக்கணும், மடமடன்னு ஒரே மூச்சுல இல்ல. ஏன் போனத விட அதிகம்னா குடிக்கறதுல கொஞ்சம் யூரினா போயிடும். வேர்வையில உப்பும் போகுது, லிட்டருக்கு சுமார் ஒரு கிராம் சோடியம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும், அதனால கூடவே சாப்பாடு சாப்பிடுங்க, நிறைய போயிருந்தா ஓஆர்எஸ் கலந்து குடிங்க. வெறும் தண்ணிய மட்டும் லிட்டர் லிட்டரா ஊத்திக்கறதும் ஆபத்துதான், ரத்தத்துல சோடியம் இறங்கி தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். யூரின் வெளிர் மஞ்சளா வந்தா சரி. கோலா நிறத்துல கருப்பா வந்து தசையெல்லாம் தாங்க முடியாம வலிச்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க, தசை சிதைஞ்சு கிட்னிய அடைக்கற நிலைமையா இருக்கலாம், இதுல காலைல பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது. வலிக்குதுன்னு பெயின் கில்லரும் நீங்களா போட்டுக்காதீங்க, தண்ணி இல்லாத உடம்புல அதுல சில வகை கிட்னிய இன்னும் பாதிக்கும்.

முடிக்கறப்போ சடார்னு நிக்காதீங்க, கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும். ஜிப்ப திறந்துட்டு அஞ்சு நிமிஷம் மெதுவா நடங்க, அப்புறம் முழுசா கழட்டி ஃபேன் முன்னாடி நில்லுங்க. உடனே வெந்நீர்ல குளிக்காதீங்க.

எப்போ நிறுத்தணும், ஏதாவது ஆனா என்ன பண்ணணும்

தலை சுத்தல், தலைவலி, குமட்டல், நெஞ்சு படபடன்னு அடிக்கறது, கால் பிடிப்பு, அந்தச் சூட்டுலயும் உடம்பு சில்லுன்னு ஆகி மயிர்க்கூச்செறியறது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கு அவ்வளவுதான், "இன்னும் ரெண்டு நிமிஷம்" கிடையாது. சூட்ட கழட்டி, ஃபேன் அடியில கால கொஞ்சம் உயரத்துல வெச்சு படுத்து, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. அரை மணி நேரத்துல சரியாகலன்னா டாக்டர்.

அதே ஆளு பேச்சு குழறுது, கேக்கறதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றாரு, திடீர்னு கோவப்படுறாரு, தள்ளாடுறாரு, விழுந்துட்டாருன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்னு வெச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க. ஹீட் ஸ்ட்ரோக்னா வேர்வை நின்னு தோல் காஞ்சு போயிருக்கும்னு பலர் நம்புறாங்க, உடற்பயிற்சியால வர்றதுல அப்படி இல்ல, வேர்வை ஊத்திக்கிட்டே இருக்கும், அத பாத்து ஏமாந்துடாதீங்க. ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணட்டும், இன்னொருத்தர் சூட்ட கழட்டட்டும், ஜிப் மாட்டுனா கத்தரிக்கோல் வெச்சு வெட்டிடுங்க, விலைய பாக்காதீங்க. குளிர் தண்ணி தொட்டி இருந்தா தலைய மட்டும் பிடிச்சுக்கிட்டு கழுத்து வரைக்கும் இறக்குங்க, இல்லன்னா ஷவர், ஹோஸ், பக்கெட், ஐஸ் தண்ணில நனைச்ச டவல் எது கிடைக்குதோ அத உடம்பு முழுக்க விடாம போட்டு மாத்திக்கிட்டே இருங்க, கூடவே ஃபேன். முதல் அரை மணி நேரத்துக்குள்ள உடம்புச் சூட்ட இறக்கறதுதான் உயிர காப்பாத்தும், அதனால ஆம்புலன்ஸ் வரட்டும்னு சும்மா நிக்காம அது வர்ற வரைக்கும் குளிர வெச்சுக்கிட்டே இருக்கணும். நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் குடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரைக்கு இதுல வேலை கிடையாது.

தோலும் துணியும்

இது சின்ன விஷயம்தான் ஆனா அதிகமா வர்றது இதான். வேர்வை வழி அடைச்சு வேர்க்குரு, முடி வேர்ல சீழ் கொப்பளம், தொடை இடுக்குல படர்தாமரை. நியோப்ரீன்ல ரப்பர இறுக்க சேக்குற சில ரசாயனம் சிலருக்கு அலர்ஜி ஆகும், பெல்ட் பட்ட இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி செவந்து அரிச்சா அதுதான், போடுறத நிறுத்துங்க. ரப்பர் பால் (லேடெக்ஸ்) அலர்ஜி இருக்கறவங்க லேபிள பாத்து வாங்குங்க. கழட்டி உடம்பு ஆறுனதும் தள்ளிப் போடாம குளிச்சுடுங்க, சூட்ட பையில சுருட்டி வெச்சு மறுநாள் அதே ஈரத்தோட போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் உள்பக்கத்த வெளிய திருப்பி சாதா தண்ணில லேசான சோப்பு போட்டு அலசி நிழல்ல காய வெச்சா போதும், ட்ரையர், அயர்ன் வேண்டாம். இன்னொருத்தர் பெல்ட்ட வாங்கி போடாதீங்க. உள் கோட்டிங் உரிய ஆரம்பிச்சா தூக்கி போட்டுடுங்க.

போட்டிக்கு எடை குறைக்கணும்னு நிக்கற பசங்களுக்கும் அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் தனியா ஒண்ணு. கடைசி ரெண்டு நாள்ல சூட் போட்டு வடிக்கணும்ங்கற நிலைமை வந்துச்சுன்னா அந்த வெயிட் கிளாஸ் அந்தப் பையனுக்கு பொருந்தலன்னு அர்த்தம். கோச்கிட்ட ஒரு கிளாஸ் மேல போட சொல்லி கேளுங்க, இல்ல ரெண்டு மூணு மாசம் முன்னாடியே சாப்பாட்ட திட்டமா குறைச்சு கொண்டு வாங்க. கோச் கோவப்பட்டா வேற கோச் பாக்கலாம்.

சரி, சூட் இல்லாம கண்ணுக்கு தெரியற பலன் எதுவுமே இல்லையான்னா இருக்கு, தேடி பாக்கணும். வாரத்துல ஒரே கிழமை, காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து எதுவும் குடிக்கறதுக்கு முன்னாடி எடை பாத்து எழுதி வெக்கிறது, தொப்புள் மட்டத்துல டேப் வெச்சு இடுப்ப அளக்கறது, அதே ட்ரெட்மில் வேகத்துல போன மாசம் துடிப்பு எவ்வளவு இருந்துச்சு இந்த மாசம் எவ்வளவுன்னு பாக்கறது, முழு புஷ் அப் எத்தன போகுதுன்னு எண்றது. துடிப்பு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, மூணு நாலு வாரத்துலயே இறங்க ஆரம்பிக்கும், எடைய விட சீக்கிரம் தெரியும். போன்ல ஒரு நோட் திறந்து இந்த நாலையும் தேதி போட்டு எழுதுங்க, முதல் வரிய நாளைக்கு காலைலயே எழுதிடலாம்.